கையில் ஆயுதம் இருக்கலாம்: பொலிஸ் நெருங்குவதா, தள்ளி நிற்பதா, உள்ளே பாய்வதா?

ரொறன்ரோ பொலிஸின் இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நகரம், ஒரே சீருடை. இரண்டையும் தெருவில் நின்றவர்கள் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதலாவது, 2013 ஜூலை 27. நள்ளிரவு கடந்த நேரம். டண்டாஸ் வீதியில் ஓடும் 505 ஸ்ட்ரீட்காரில் சமி யாதிம் என்ற 18 வயது இளைஞர் கத்தியை வெளியே எடுத்தார். பயணிகள் இறங்கி ஓடினார்கள். கடைசியில் சாரதியும் இறங்கிவிட்டார். வண்டிக்குள் யாதிம் மட்டும்தான். முன்கதவுக்கு வெளியே, வீதியில் நின்றபடி கான்ஸ்டபிள் ஜேம்ஸ் ஃபோர்சிலோ துப்பாக்கியை நீட்டி, கத்தியைக் கீழே போடு என்று திரும்பத் திரும்ப அதட்டினார். அவர் வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மூன்று முறை சுட்டார். சில விநாடி இடைவெளி. பிறகு, விழுந்து கிடந்தவர் மேல் இன்னும் ஆறு முறை.

இரண்டாவது, 2018 ஏப்ரல் 23. யங் வீதி நடைபாதையில் வாடகை வானை ஏற்றிப் பத்துப் பேரைக் கொன்ற ஒருவர், கொஞ்சத் தூரம் தள்ளி வானை விட்டு இறங்கி நிற்கிறார். எதிரே போக்குவரத்துப் பிரிவுக் கான்ஸ்டபிள் கென் லாம், தனியாக. அந்த ஆள் கையில் எதையோ பிடித்துத் துப்பாக்கிபோல் நீட்டுகிறார். என்னைக் கொல் என்கிறார். பையில் துப்பாக்கி இருக்கிறது என்கிறார். லாம் தன் வாகனத்துக்குள் கையை விட்டு சைரனை நிறுத்துகிறார். இப்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கிறது. கீழே படு என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையைக் கவனிக்கிறார். பிறகு பின்னால் நகர்கிறார், துப்பாக்கியை உறைக்குள் வைத்துவிட்டுத் தடியை எடுக்கிறார். அந்த ஆள் தரையில் படுக்கிறார், விலங்கு மாட்டப்படுகிறது. ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் அந்த ஆளை நீதிமன்றத்தில் பார்த்தன. 2021இல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது.

அந்தக் கணத்தில் எது பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்கும்? சற்று முன் பத்துப் பேரைக் கொன்றுவிட்டு, கையை நீட்டி நிற்பவரா? ஆளில்லாத வண்டிக்குள் கத்தியோடு நின்ற இளைஞரா? லாம் சுட்டிருந்தால் சட்டம் அவர் மேல் கை வைத்திருக்காது என்றுதான் அப்போது பலரும் சொன்னார்கள். ஆக, இரண்டு முடிவுகளையும் பிரித்தது ஆபத்தின் அளவு என்று சொல்ல முடியாது. குண்டுக்கு முந்திய அந்த ஒரு நிமிடத்தை இரண்டு அதிகாரிகளும் வேறு வேறு விதமாகச் செலவழித்தார்கள்.

அந்த நிமிடத்தை என்ன செய்வது என்பது பயிற்சி, விதிமுறை, வரவுசெலவு எல்லாம் சேர்ந்த ஒரு தெரிவு. ரொறன்ரோவில் பொலிஸ் சேவைகள் வாரியம் அதைத் தீர்மானிக்கிறது. அதன் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம். பேசப் போவதென்றால் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கையில் ஏதோ வைத்திருக்கிறார் என்று 911க்கு ஓர் அழைப்பு வந்தால் பொலிஸுக்கு முன்னால் இருக்கும் வழிகளை அதற்காகத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

பழைய வழி, வேகமாக நெருங்கி, துப்பாக்கியை நீட்டி, கட்டளையிட்டு அடக்குவது. இதை முரட்டுத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. சனம் நிறைந்த தெருவில் கத்தியோடு நடப்பவரை நேரம் எடுத்துக் கையாளும்போது அவர் யாரையாவது குத்திவிட்டால்? கட்டளைக்குப் பணிபவர்களும் நிறையப் பேர் உண்டு. குற்றம் செய்து மாட்டிக்கொண்டு, தெளிந்த புத்தியோடு கணக்குப் போடுபவர் துப்பாக்கியைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிடுவார்.

ஆனால் மனநோயின் உச்சத்தில் இருப்பவர், போதையில் இருப்பவர், சாக முடிவெடுத்தவர் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நாலு பக்கமும் சத்தம், கண்ணில் அடிக்கும் விளக்கு, ஒருவருக்கு மேல் ஒருவர் போடும் கட்டளை. பயந்தவருக்கு இவை எல்லாம் இன்னும் பயத்தைத்தான் கொடுக்கும். அதோடு, நெருங்கி நின்ற அதிகாரிக்கும் வேறு வழி மிச்சம் இருக்காது. 2015 ஜூலையில் ரொறன்ரோவில் ஆண்ட்ரூ லோகு என்ற 45 வயதானவர் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒடுங்கிய நடைவழியில் சுத்தியலோடு வந்தார். பொலிஸ் அவரை எதிர்கொண்டு அரை நிமிடத்துக்குள் சுட்டுவிட்டது. மனநலச் சேவை பெறுபவர்களும் குடியிருந்த கட்டடம் அது. அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் அவ்வளவு கிட்டப் போனபிறகு சுத்தியல் ஓங்கப்பட்டால் அதிகாரிக்குப் பயம் வருவது இயல்பு. கேள்வி, அவ்வளவு கிட்ட ஏன் போனார்கள் என்பது.

இந்த வழியை நியாயப்படுத்துபவர்கள் வழக்கமாக எடுப்பது 21 அடிக் கணக்கை. அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் பொலிஸ் பயிற்சியாளராக இருந்த டெனிஸ் டூலர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வரும் ஆள் சுமார் ஒன்றரை விநாடியில் 21 அடியைக் கடந்துவிடுவார், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம்தான் பிடிக்கும் என்று பயிற்சியில் அளந்து காட்டினார். கணக்கில் பிழை இல்லை. காலப்போக்கில் அது, 21 அடிக்குள் கத்தி வந்தால் சுடலாம் என்ற விதியாகத் திரிந்துவிட்டது. அந்தக் கணக்கை நேர்மையாக வாசித்தால் வரும் பாடம் வேறு: 21 அடிக்குள் போகாதே, போக நேர்ந்தால் நடுவில் ஒரு காரையாவது வைத்துக்கொள்.

அதுதான் இரண்டாவது வழி. தள்ளி நிற்பது, மறைவு எடுப்பது, நேரம் எடுப்பது. பார்க்கச் சும்மா நிற்பதுபோல இருக்கும். உள்ளே வேலை நிறைய இருக்கிறது. ஒருவர் மட்டும் கதைக்க வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவியோடும் இன்னொருவர் துப்பாக்கியோடும் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மற்றவர்கள் தெருவை மூடி ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். கதைப்பவர் பெயரைக் கேட்க வேண்டும். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். கத்தியைப் போடு என்பதையே இருபது தரம் சொல்வதைக் கதைப்பது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, அவர் நடந்து போய்விட்டால்? நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் 2015இல் இது நடந்தது. கத்தியோடு தெருவில் போன ஒருவரைச் சுற்றி அதிகாரிகள் ஒரு வளையமாகி, அவர் நடக்க நடக்கக் கூடவே நடந்தார்கள். முன்னால் போக்குவரத்தை விலக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் கத்தி கீழே விழுந்தது, அவர் உயிரோடு பிடிபட்டார். வளையம் நகரும், ஆனால் உடையாது. இதற்கு ஆட்கள் தேவை, பழகியிருக்கவும் வேண்டும். இரண்டு பேர் மட்டும் வந்த இடத்தில் இதைச் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டில் அமெரிக்கப் பொலிஸ் தலைவர்கள் சிலர் ஸ்கொட்லாந்துக்குப் போய், பெரும்பாலும் துப்பாக்கியே வைத்திராத பொலிஸார் கத்திக்காரரை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தார்கள். கூட்டிப்போனது பொலிஸ் நிர்வாக ஆய்வு மன்றம் என்ற அமெரிக்க அமைப்பு. திரும்பி வந்து அவர்கள் உருவாக்கிய பயிற்சியைக் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரப் பொலிஸுக்குக் கொடுத்தார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளைவை அளந்தார்கள். பொலிஸ் பலத்தைப் பயன்படுத்திய சம்பவங்கள் 28 சதவீதம் குறைந்திருந்தன. பொதுமக்களுக்கு ஏற்பட்ட காயம் 26 சதவீதம் குறைந்தது. அதிகாரிகளின் காயமோ 36 சதவீதம். தள்ளி நின்றால் பொலிஸ்காரர் செத்துப்போவார் என்ற வாதத்துக்கு இந்தக் கடைசி எண்ணைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. எதிரே இருப்பது கத்தியா துப்பாக்கியா என்று தெரியாதபோது தூரம் மட்டும் காப்பாற்றாது. குண்டுக்கு 21 அடியும் ஒன்றுதான், 60 அடியும் ஒன்றுதான். அங்கே மறைவுதான் முக்கியம். காரின் எஞ்சின் இருக்கும் பகுதி, கட்டடத்தின் மூலை, பொலிஸ் கேடயம். மறைவில் நிற்பவருக்கு, அந்தக் கையில் இருப்பது என்ன என்று இரண்டாவது தரம் பார்க்க நேரம் கிடைக்கிறது. இடுப்பிலிருந்து எதையோ எடுக்கிறார் என்று தோன்றியவுடன் சுட வேண்டிய கட்டாயம் திறந்த வெளியில் நிற்பவருக்குத்தான் வருகிறது.

டேசரை இதற்கு மாற்றாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2013இல் ரொறன்ரோவில் அது மேலதிகாரிகளிடமும் சிறப்புப் பிரிவுகளிடமும் மட்டும்தான் இருந்தது. யாதிம் சுடப்பட்ட பிறகு வந்த சார்ஜன்ட் டேசரை இயக்கியதை அந்தக் காணொளியில் பார்க்கலாம். 2018இலிருந்து வீதியில் நிற்கும் அதிகாரிகளுக்கும் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதன் இரண்டு முள்ளும் உடம்பில் தைக்க வேண்டும். கனடாவின் குளிர்காலத் தடித்த ஜாக்கெட் அதைத் தடுத்துவிடும். தூரமும் நேரமும் இருந்தால் டேசர் தோற்றாலும் இன்னொன்றை முயலலாம். கிட்ட நிற்பவருக்கு டேசர் தோற்றால் அடுத்தது துப்பாக்கிதான்.

ஆள் ஒரு வீட்டுக்குள் இருந்தால் மூன்றாவது வழி வருகிறது. சுற்றி வளைத்து, சிறப்புப் பிரிவை அழைத்து, காத்திருப்பது. ரொறன்ரோவில் இதற்கு அவசர நடவடிக்கைப் பிரிவு இருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் பயிற்சி பெற்றவர்களும் வருவார்கள். உள்ளே அவர் மட்டும்தான் என்றால் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் காத்திருப்பதும் ஒரு கட்டத்தில் கைவிடப்படுகிறது. என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

2020 ஜூன் 20, மிசிசாகாவின் மால்டன் பகுதி. மனச்சிதைவு நோயுள்ள 62 வயது இஜாஸ் சௌத்ரிக்கு மருத்துவ உதவி கேட்டுக் குடும்பத்தார் அவசரமில்லாத இலக்கத்துக்கு அழைத்தார்கள். அவரிடம் கத்தி இருக்கிறது என்று பீல் பொலிஸ் வந்தது. அவர் தன் வீட்டுக்குள் தனியாக இருந்தார். நாங்கள் போய்க் கதைக்கிறோம் என்று கேட்டும் விடவில்லை என்று குடும்பத்தார் பின்னர் சொன்னார்கள். உள்ளிருந்து பதில் வராமல் போனதும், தன்னைத்தானே ஏதும் செய்துகொண்டாரோ என்று சொல்லி, பொலிஸார் பால்கனி வழியாகக் கதவை உதைத்துத் திறந்தார்கள். சில விநாடிகளில் டேசர், பிளாஸ்டிக் குண்டு, பிறகு துப்பாக்கிக் குண்டு. பொலிஸ் சம்பவங்களை விசாரிக்கும் மாகாணச் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு குற்றம் சுமத்தவில்லை.

ஒருவர் தனக்குத் தானே தீங்கு செய்துகொள்வாரோ என்ற பயத்தில் உள்ளே நுழைந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நுழைவு அவருக்காகத்தான் என்றால், இன்னும் அரை மணி நேரம் குரல் கொடுத்துப் பார்த்திருக்கலாம். குடும்பத்தில் ஒருவரின் குரலைத் தொலைபேசியிலோ ஒலிபெருக்கியிலோ கேட்க வைத்திருக்கலாம். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வீட்டில் தமிழ் மட்டும் கதைக்கும் அம்மம்மா, தாத்தாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். மறதி நோய் முற்றிக் கையில் காய்கறிக் கத்தியோடு நிற்கும் முதியவருக்கு, கதவுக்கு அப்பாலிருந்து ஆங்கிலத்தில் வரும் கட்டளை விளங்கப்போவதில்லை. குடும்பத்தாரை நேரே உள்ளே அனுப்புவது ஆபத்து என்று பொலிஸ் சொல்வது நியாயம். குரலை மட்டும் உள்ளே அனுப்புவதில் அந்த ஆபத்து இல்லை.

இதுவரை சொன்ன எல்லாமே தலைகீழாகும் ஓர் இடம் இருக்கிறது. உள்ளே ஒருவர் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தால் தூரமும் நேரமும் கொலைகாரருக்குத்தான் உதவும். கனடா இதை மொன்றியலில் கற்றுக்கொண்டது. 1989 டிசம்பர் 6ஆம் திகதி எகோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் ஒருவர் பெண்களைத் தேடித் தேடிச் சுட்டார். பதினான்கு பெண்கள் இறந்தார்கள். பொலிஸ் வெளியே வளையம் போட்டு நின்றது, அன்றைய விதி அப்படி. உள்ளே துப்பாக்கிச் சூடு தொடர்ந்தது, கடைசியில் அவர் தன்னையே சுட்டுக்கொண்டார். அந்த விதி மாற்றப்பட்டது. 2006 செப்டம்பர் 13இல் அதே நகரின் டோசன் கல்லூரியில் ஒருவர் சுடத் தொடங்கியபோது, வேறு வேலையாக அங்கே இருந்த அதிகாரிகளே உடனே உள்ளே போனார்கள். சில நிமிடங்களில் முடிந்தது. ஒரு மாணவி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அந்த ஒரு உயிரும் போயிருக்கக் கூடாது. ஆனாலும் 1989இன் விதிப்படி வெளியே நின்றிருந்தால் எத்தனை பேர் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

விதி மாறினால் மட்டும் போதாது என்பதை டெக்சஸின் யூவால்டி காட்டியது. 2022 மே 24இல் அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கு வந்து சேர்ந்த அதிகாரிகள் 376 பேர். 77 நிமிடம் கழித்துத்தான் வகுப்பறைக்குள் புகுந்தார்கள். பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். அடைபட்டுக் கிடக்கும் தனி ஆள் என்று அந்தச் சூழலைப் பிழையாக வகைப்படுத்தி, அதற்குரிய பொறுமையைக் கடைப்பிடித்தார்கள். சௌத்ரியின் வீட்டில் தேவைப்பட்ட பொறுமை யூவால்டியில் பிள்ளைகளைக் கொன்றது.

உடனே பாய்வதற்கும் விலை உண்டு. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் பொலிஸ் காரைப் போன்ற வாகனத்தில் திரிந்து 22 பேரைக் கொன்றவரைத் தேடும்போது, கனேடிய மத்திய பொலிஸார் இருவர் ஒன்ஸ்லோ தீயணைப்பு நிலையத்துக்கு வெளியே நின்ற ஒருவரை அவரென்று நினைத்துச் சுட்டார்கள். அங்கே நின்றவர் போட்டிருந்த ஒளிரும் பாதுகாப்பு மேலாடைதான் அவர்களைக் குழப்பியது. யாருக்கும் குண்டு படவில்லை.

மனநலப் பணியாளரை அனுப்புவது அடுத்த வழி. ரொறன்ரோவில் ஒரு தாதியும் ஒரு பொலிஸ் அதிகாரியும் சேர்ந்து போகும் நடமாடும் குழு 2000இலிருந்து இருக்கிறது. பொலிஸே இல்லாத சமூக நெருக்கடிச் சேவையும் 2022இல் தொடங்கியது, 211க்கு அழைத்தால் வருவார்கள். இரண்டையும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஆயுதம் என்று கேட்டால் பொலிஸ் இல்லாத குழு வராது, நடமாடும் குழுவும் முதலில் போவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் கேள்விக்கு இது நேரடி விடை அல்ல. கத்தி கைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அழைக்க வேண்டிய சேவை இது. கத்தி வந்தபிறகு, தள்ளி நிற்கும் அதிகாரியின் காதில் தொலைபேசி வழியாக ஒரு தாதி ஆலோசனை சொல்லலாம். அதற்கும் முதலில் அவர் தள்ளி நிற்க வேண்டும்.

என் தெரிவு இரண்டாவது வழி. அதையே வழமையாக்க வேண்டும், மற்றவை விதிவிலக்காக இருக்க வேண்டும். வந்திறங்கும் அதிகாரி தன்னையே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கணத்தில் யாருக்காவது காயம் ஏற்பட்டுக்கொண்டிருக்கிறதா என்பது. ஆம் என்றால் உள்ளே போக வேண்டும், தனியாளாக இருந்தாலும். இல்லை என்றால் நெருங்குவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும், தள்ளி நிற்பதற்கு அல்ல. ஸ்ட்ரீட்காருக்குள் யாதிம் தனியே நின்றபோது அந்தக் கேள்விக்கு விடை ‘இல்லை’, அதில் சந்தேகமே கிடையாது. கதவை அடைத்துவிட்டு விடியும்வரை நின்றிருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

நீதிமன்றங்கள் இதை நமக்காகச் செய்து தராது. 2016இல் நடுவர்கள் ஃபோர்சிலோவின் கடைசி ஆறு குண்டுகளுக்காகக் கொலை முயற்சி என்று தீர்ப்பளித்தார்கள், ஆறு ஆண்டுச் சிறை கிடைத்தது. யாதிமின் உயிரைப் பறித்த முதல் மூன்று குண்டுகள் குற்றமாகவில்லை. அங்கே எடைபோடப்பட்டது சுட்ட விநாடி. ஏன் அந்தக் கதவடியில் போய் நின்றார், ஏன் வேறு விதமாகக் கதைத்துப் பார்க்கவில்லை என்பது பயிற்சியின் கேள்வி. யாதிமின் சாவுக்குப் பிறகு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க் யாக்கோபூச்சி 2014இல் கொடுத்த அறிக்கையில் 84 பரிந்துரைகள் இருந்தன. அடுத்த ஆண்டே லோகு சுடப்பட்டார். அதனால் வாரியத்திடம் பரிந்துரைகள் ஏற்கப்பட்டனவா என்று கேட்டால் பிரயோசனமில்லை. போன ஆண்டு ஒவ்வோர் அதிகாரியும் கத்திக்காரரோடு கதைக்கும் பயிற்சியில் எத்தனை மணி நேரம் நின்றார், சுடும் பயிற்சியில் எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும்.

அழைப்பை எடுப்பவரைப் பற்றியும் கேட்க வேண்டும். 2014 நவம்பர் 22இல் கிளீவ்லாந்தில் பூங்காவில் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்ற 12 வயது தமீர் ரைஸைப் பற்றி 911க்குச் சொன்னவர், அது பொய்த் துப்பாக்கியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றே சொன்னார். அந்த இரண்டும் அதிகாரிகளுக்குப் போய்ச் சேரவில்லை. காரைச் சிறுவனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டு விநாடிக்குள் சுட்டார்கள்.

எங்கள் வீடுகளில் இப்படி ஓர் அழைப்பு எடுக்க நேர்ந்தால், கத்தி என்ற ஒரு சொல்லோடு நிறுத்த வேண்டாம். என்ன கத்தி, இப்போது கையில் இருக்கிறதா மேசையில் இருக்கிறதா, வீட்டுக்குள் வேறு யார், யாருக்கும் காயம் உண்டா, என்ன நோய், என்ன மருந்து, எந்த மொழி விளங்கும் என்று சொல்லுங்கள். துப்பாக்கி வீட்டில் இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முடிந்தால் மற்றவர்களை வெளியே கூட்டி வந்துவிட்டு, உள்ளே இப்போது அவர் மட்டும்தான் என்பதை இரண்டு தரம் சொல்லுங்கள்.